கடைசிப் பக்கத்து அடிவரி

என் அண்ணன் ஞானசிகாமணியின் பெயர் ஒன்பதரை வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அச்சில் வந்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், மருந்து விளம்பரங்களுக்கும் ஜவுளி விளம்பரங்களுக்கும் கீழே, ஒரு கோட்டுக்கு அடியில், பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும். ‘திருவனந்தபுரம் ஆரியசாலை மித்திரன் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடுபவரும் ஆசிரியரும்: ய. ஞானசிகாமணி.’ ய என்பது எங்கள் அப்பா யோசுவா.

பத்திரிகையின் பெயர் ‘வேணாட்டு மித்திரன்’. அண்ணன் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவர் எழுத்துக் கோக்கிறவர். ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குவதுதான் அவர் வேலை. மார்த்தாண்டத்துக்குப் பக்கம் விரிகோட்டில் பிறந்து, பதினாறு வயதில் நாகர்கோவிலில் அந்த வேலையைப் படித்து, பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர். அம்மா இறந்த வருஷம் என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி, அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிள்ளியாற்றின் கரையில் இரண்டு அறை வீடு. அண்ணன், அவர் மனைவி தாசம்மாள் மைனி, தங்கை நான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதிகம் பேசமாட்டேன். அண்ணனும் அப்படித்தான். மைனி மட்டும் எங்கள் மூன்று பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள்.

பத்திரிகையைத் தொடங்கியவர் நீலகண்ட பிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர். ஆரியசாலையில் வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கிற வியாபாரி. தோவாளையில் மழை பெய்து வயல் மூழ்கினால் திருவனந்தபுரத்துப் பத்திரிகை எதிலும் வருவதில்லை, நம்முடைய ஆளுக்கு நம்முடைய பாஷையில் ஒரு தினசரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தவர், நாற்பத்தேழாம் வருஷம் மதுரையிலிருந்து ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வாங்கி வந்துவிட்டார். மிளகாய்க் கிடங்கின் பின்கட்டில் அதை நிறுத்தினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் வருஷம் முழுக்கத் தும்மினார்கள்.

எழுதுவதற்குக் கரமனை அக்கிரகாரத்து ராமசுப்ரமணியன் வந்தார். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் தயாரான பிறகுதான் கோர்ட்டில் போய் யாராவது ஒருவர் பெயர் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரிந்தது. பத்திரிகையில் வருகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயருடையவர்தான் பொறுப்பு. நீலகண்ட பிள்ளைக்கு ரேஷன் அரிசி எடுத்து விநியோகிக்கிற லைசன்ஸ் இருந்தது. சர்க்காருக்குப் பிடிக்காத ஏதாவது அச்சானால் அது போய்விடும். ராமசுப்ரமணியனுக்குப் பென்ஷன் இருந்தது. இரண்டு பேரும் கிடங்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். லைசன்ஸும் பென்ஷனும் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அண்ணன் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எதில் போட்டீர்கள் என்று மைனி கேட்டாள். இனிமேல் என் பெயர் தினமும் பத்திரிகையில் வரும் என்றார். அவள் அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காவது போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மித்திரன் மத்தியானப் பத்திரிகை. காலையில் தெற்கேயிருந்து வருகிற பஸ்களில் ஏஜெண்டுகள் செய்திக் கவர்களைக் கண்டக்டர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். ராமசுப்ரமணியன் எட்டு மணிக்குக் குடையோடு வந்து அவற்றைத் திருத்தி எழுதுவார். இரண்டு மணிக்கு இயந்திரம் ஓடும். மூன்று மணிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படுகிற நாகர்கோவில் பஸ்ஸில் கட்டுகள் ஏறிவிட வேண்டும். என் வேலை, சந்தாதாரர்களுக்குப் போகிற சுற்றுத்தாள்களில் விலாசம் எழுதுவது. அண்ணன்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். வீட்டிலிருந்தே எழுதலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அந்த விலாசங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தக்கலையில் ஒரு வக்கீல் குமாஸ்தா, ஆற்றூரில் ஒரு கம்பவுண்டர், குலசேகரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து மேஸ்திரி. யாரையும் நான் பார்த்ததில்லை.

பஸ் தவறிப்போனால் மறுநாள் கார்டுகள் வந்து குவியும். எல்லாம் வசவு. அழகியபாண்டியபுரத்து வாத்தியார் ஒருவர் எழுதினார்: ‘நேற்று மித்திரன் வரவில்லை. நான் சாப்பிடவில்லை. என் சம்சாரம் உங்களைச் சபிக்கிறாள், நீங்கள் குடும்பத்தோடு நாசமாய்ப் போவதற்குள் பத்திரிகையைச் சரியான நேரத்துக்கு அனுப்பவும்.’ கார்டுகள் ‘ஆசிரியர்’ என்ற பெயருக்கு வருவதால் அண்ணன் கைக்குத்தான் வரும். அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மைனிக்குப் படித்துக் காட்டுவார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆகஸ்டு மாதம் தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. தமிழ்த் தாலூகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் செத்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். ராமசுப்ரமணியன் அன்றைக்கு எழுதியதை அண்ணன் கையாலேயே கோத்தார். கோத்துக்கொண்டிருக்கும்போதே, சார் இது கொஞ்சம் கடுப்பம்தான் என்று சொன்னாராம். மாற்றவா என்று ராமசுப்ரமணியன் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று இவர்தான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. ஞானசிகாமணி யார் என்று கேட்டார்கள். முதலாளி நீலகண்ட பிள்ளையும் ராமசுப்ரமணியனும் அங்கேதான் இருந்தார்கள். அண்ணன் மண்ணெண்ணெயில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவர்களோடு போனார். நான்கு மாதம் தண்டனை. பூஜப்புரை ஜெயில்.

ஆனால் பத்திரிகை நிற்கவில்லை. வேறு பெயரில் புதிதாகக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. அதனால் அடிவரி அப்படியே வந்துகொண்டிருந்தது. அண்ணன் ஜெயிலில் இருந்த நாளெல்லாம், ஆரியசாலையில் அவர்தான் அச்சிட்டு வெளியிடுகிறார் என்று பத்திரிகை சொல்லிக்கொண்டிருந்தது. பாறசாலைக்காரர் ஒரு வார்டர் தான் படித்த பத்திரிகையை அவரிடம் கொடுத்துவிடுவாராம். அவர் முதலில் கடைசிப் பக்கத்தின் அடியைத்தான் பார்ப்பாராம். நான் இன்னும் வெளியேயும் இருக்கிறேன் என்று அதைப் பார்த்தால் தோன்றும் என்று பின்னால் மைனியிடம் சொல்லியிருக்கிறார்.

நவம்பரில் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு அண்ணனை விடவில்லை. விரிகோட்டிலிருந்து திரும்பியதும் நானும் மைனியும் அவரிடம் சொல்வதற்காகப் பூஜப்புரைக்குப் போனோம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மைனி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் கேட்டார்.

“அப்பாவுக்கு எழுபத்தொண்ணு இல்ல, அறுபத்தொம்பதாக்கும். புரூப் பாத்தது ஆரு?”

முந்தின நாள் மித்திரனில் மூன்று வரி வந்திருந்தது. விரிகோடு யோசுவா காலமானார், வயது எழுபத்தொன்று, அன்னார் இப்பத்திரிகை ஆசிரியரின் தகப்பனார். வார்டர் கொடுத்த பத்திரிகையில் அதை அவர் படித்துவிட்டார். தானே வெளியிட்ட பத்திரிகையில் தன் தகப்பன் சாவை அவர் தெரிந்துகொண்டார். வயதைப் பற்றி இன்னும் ஒரு தடவை கேட்டார். மைனி அழுதாள். பிறகுதான் அவரும் அழுதார்.

விடுதலையான அன்று நீலகண்ட பிள்ளை ஆரியசாலையில் விருந்து வைத்தார். மிளகாய்க் கிடங்கைக் கழுவிப் பந்தி போட்டு, வியாபாரிகள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அண்ணனைத் தனக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். நாங்கள் பெண்கள் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தோம். பாயசம் பரிமாறுகிற நேரம் முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“பத்திரிகை இனி இவனுக்கதாக்கும். நான் காகிதம் வாங்கிக் குடுக்கப்பட்டவன், அவ்வளவுதான். கேட்டியா டே ஞானம்? மித்திரன் உனக்கது.”

முப்பது பேரும் நல்லது நல்லது என்றார்கள். அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பலர் கேட்கச் சொன்ன வார்த்தைக்கு மேல் பத்திரம் கிடையாது. பெண் கொடுப்பதாகச் சொன்னாலும் சரி, நிலம் பிரிப்பதாகச் சொன்னாலும் சரி, சோற்றில் கை வைத்துச் சொன்னால் அது முடிந்த காரியம். அந்த வழக்கம் நாஞ்சில் நாட்டு வியாபாரிகளிடமும் உண்டா என்று அண்ணன் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எழுதி வாங்குவது கேவலம் என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்தோம்.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறியது. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற பிச்சையா வர நேரமானால் தானே விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் பூட்டிய கிடங்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். சம்பளம் முன்பு வாங்கியதுதான். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் நடுவில் டில்லியிலிருந்து ஒரு படிவம் வந்தது. புதிய சட்டப்படி எல்லாப் பத்திரிகைகளும் நிரப்பி அனுப்ப வேண்டியது. அண்ணன் பெயருக்குத்தான் வந்தது. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் எல்லாவற்றுக்கும் தன் பெயரை எழுதிவிட்டார். அடுத்த கட்டத்தில் உரிமையாளர் யார் என்று கேட்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் காகிதத்தில் கேட்டதில்லை.

எட்டு நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். இரண்டு தடவை முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளிக்கு அப்போது நிற்க நேரமில்லை. தெற்குத் தாலூகாக்கள் நவம்பரில் சென்னை ராஜ்யத்துக்குப் போவது உறுதியாகிவிட்டது. அவர் நாகர்கோவிலில் கடைக்கும் அச்சகத்துக்கும் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பெயராக இருந்தால் என்ன, ஆபீஸ் காகிதமெல்லாம் நீதானே பார்க்கிறாய், எழுதி அனுப்பு என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பிவிட்டார். எட்டாம் நாள் அண்ணன் அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். நிறுத்தி, அழகாக, அச்சு எழுத்துபோல எழுதினார். நான் பக்கத்தில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் பெயரின் நீளம் எனக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் வாரம் அது வெளியே வந்தது. நாகர்கோவிலில் மித்திரனைப் பதிவு செய்யப்போன முதலாளியிடம், டில்லிக்கு அனுப்பியதன் நகலைக் கொண்டுவா என்று அங்கே உள்ள வக்கீல் கேட்டிருக்கிறார். முதலாளி வந்து கேட்டதும் அண்ணன் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அன்றைக்குச் சுற்றுத்தாள் கட்டோடு அங்கே போயிருந்தேன். ராமசுப்ரமணியன் வாங்கி ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உரிமையாளர் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

“இது என்ன டே?” என்றார் முதலாளி.

“கேட்டிருந்தாவ. எழுதினேன்.”

“ஆரு பேரு எழுதணும்னு எங்கிட்ட கேக்கப்பிடாதா?”

“ரெண்டு தடவ வந்து கேட்டேன் முதலாளி. ஆரு பேரா இருந்தா என்னன்னு சொன்னிய.”

“அதுக்கு உனக்க பேரையா எழுதுகது? மெஷின் வாங்கினது ஆரு? காகிதம் வாங்கினது ஆரு?”

“ஜெயிலுக்குப் போனது ஆரு?”

முதலாளி கொஞ்சம் சிரித்தார். “ஜெயில்ல கிடந்தவனுக்கெல்லாம் பத்திரிகைன்னா, பூஜப்புரையில இருக்கப்பட்ட கள்ளன் எல்லாவனும் முதலாளிதான்.”

மெஷின் பக்கம் நின்ற பிச்சையா தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனின் காது சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“அண்ணைக்கு இலையில இருந்து சொன்னியளே. முப்பது பேரு கேட்டாவ.”

“சாப்பாட்டு இலையில இருந்து மனுசன் ஆயிரம் சொல்லுவான். வயிறு நெறஞ்சா வாய் பேசும். அது ஒரு கணக்கா டே?”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அது ஒரு மரியாதைப் பேச்சுதான். ஒன்பது வருஷமாக மிளகாயில் வந்ததைக் காகிதத்தில் போட்டவர் அவர். நடுவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அண்ணன் அப்படியே நின்றதைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

“நாகர்கோவிலுக்கு வா. ஃபோர்மேன் நீதான். அடியில உனக்க பேருதான் வரும், ஆரும் எடுக்கமாட்டாவ. மேல முதலாளின்னு எனக்க பேரு வரட்டும். இது ஒரு வித்தியாசமா?”

“வித்தியாசம் இல்லன்னா நீங்க விட்டுக்குடுங்க முதலாளி.”

பிறகு முதலாளி எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி. பேரு நீ வச்சுக்க. மெஷினை நான் கொண்டு போறேன்” என்றார்.

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மைனியின் குரல் மட்டும் கேட்டது. அவள் பிறந்த வீடும் எங்கள் வீடும் தெற்கேதான். நவம்பரில் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விடுவோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லாத மனுஷனிடம் சண்டை போடுவது கஷ்டம். கடைசியில் ஒரு நாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“உங்களுக்கு உங்க பேரு வேணும். எனக்கு எனக்க ஆளுவ வேணும். நான் எதைச் சொல்லியாக்கும் உங்களை அங்க கூப்பிடுகது?”

அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்று தெரியும். அது வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மொத்தம் எழுநூற்றுப் பன்னிரண்டு விலாசம் நான் எழுதுகிறேன். அவற்றில் அறுபத்துநாலுதான் எல்லைக்கு இந்தப்பக்கம். மற்றதெல்லாம் அந்தப்பக்கம் போகப் போகிறது. நாகர்கோவிலில் புதுப் பத்திரிகை ஒன்று வந்தால், பதினைந்து மைலிலிருந்து வருவதை விட்டுவிட்டு நாற்பது மைலிலிருந்து வருவதை யார் வாங்குவார்கள்? பெயர் அண்ணனுடையது. படிக்கிறவர்கள் அவரோடு இல்லை. இதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் நினைத்தேன். அண்ணன் முகத்துக்கு நேரே அப்படி ஒரு பேச்சை நான் பேசியதே இல்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு, எழுதிய சுற்றுத்தாள்களை இரண்டாகப் பிரித்து நடு அறையில் பாயில் அடுக்கி வைத்தேன். இந்தப்பக்கத்து ஊர்கள் ஒரு அடுக்கு. அந்தப்பக்கத்து ஊர்கள் ஒரு அடுக்கு. ஒன்று என் முழங்கால் உயரம் வந்தது. மற்றது ஒரு பைபிள் கனம்கூட இல்லை. அண்ணன் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே பாயைப் பார்த்தார். குனிந்து, சின்ன அடுக்கின் மேல் இருந்த விலாசத்தைப் படித்தார். பெரிய அடுக்கின் மேல் இருந்ததையும் படித்தார். புரியாதவர் இல்லை.

“எல்லாத்தையும் சேத்துக் கெட்டு பிள்ளே” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் சேர்த்துக் கட்டினேன். அப்போதாவது வாயால் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் கடைசியில் லாரி வந்தது. இயந்திரத்தைக் கழற்றி ஏற்றினார்கள். எழுத்துப் பெட்டிகளையும் ஏற்றினார்கள். சின்ன எழுத்துப் பெட்டிகள் குலுங்கினால் எழுத்தெல்லாம் கலந்துவிடும் என்று அண்ணன் தானே ஒவ்வொன்றின் மேலும் காகிதம் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். ஏன் நீங்கள் இதைச் செய்கிறீர்கள் என்று பிச்சையா கேட்டானாம். எழுத்து என்ன பாவம் செய்தது என்றாராம். பிச்சையா லாரியோடு நாகர்கோவிலுக்குப் போனான். போகிறபோது அண்ணன் காலைத் தொட்டான். முதலாளியும் கடைசியாகக் கைகூப்பினார். அண்ணனும் கூப்பினார்.

நவம்பர் முதல் தேதி ‘தென்முனை’ என்ற பெயரில் முதலாளியின் பத்திரிகை நாகர்கோவிலில் வந்தது. அதே நாள் வேணாட்டு மித்திரனும் வந்தது. சாலைக் கடைத்தெருவில் கல்யாணக் கடிதாசி அச்சடிக்கிற வேதமாணிக்கம் தன்னுடைய காலால் மிதிக்கிற சின்ன இயந்திரத்தை மத்தியானம் இரண்டு மணி நேரம் அண்ணனுக்குக் கொடுத்தார். நான்கு பக்கம் ஒரே தாளாகச் சுருங்கியது. கல்யாணக் கடிதாசிக்கு வைத்திருந்த பூப்போட்ட எழுத்தில்தான் தலைப்பு வந்தது. அண்ணன் எழுநூற்றுப் பன்னிரண்டு பிரதி அடித்தார். நான் எழுநூற்றுப் பன்னிரண்டு விலாசம் எழுதினேன். பஸ் நேரமெல்லாம் மாறியிருந்ததால் தபாலில் போட்டோம். தெற்கே போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும்.

ராமசுப்ரமணியன் இரண்டு வாரம் எழுதிக் கொடுத்தார். பிறகு கரமனையிலிருந்து நடந்து வந்து, தன்னால் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். “யாருக்குன்னு எழுதறது, ஞானசிகாமணி? என் பேரனே ஸ்கூல்ல மலையாளம்தான் எடுத்திருக்கான். நான் எழுதினதை நானே வாசிச்சுண்டா போறுமா?” என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். அதற்குப் பிறகு அண்ணன் மலையாளப் பத்திரிகைகளைப் பார்த்துத் தானே தமிழில் கோக்க ஆரம்பித்தார். எழுதுவதில்லை, நேராக ஈயத்தில் கோத்துவிடுவார். ஒன்பதரை வருஷம் ஆசிரியர் என்று பெயர் போட்டவர், கடைசி ஆறு வாரம் ஆசிரியராக இருந்தார்.

அவர் காத்திருந்தது கார்டுகளுக்கு. பத்திரிகை ஒரு நாள் தாமதமாகப் போகிறது, திட்டுவார்கள், கட்டாயம் திட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர் வருகிற நேரம் வேதமாணிக்கத்தின் கடை வாசலில் வந்து நிற்பார். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் தக்கலை ஏஜெண்டு எழுதினார்: ‘இங்கே தென்முனை நான்கு மணிக்கே வந்துவிடுகிறது. இனிக் கட்டு அனுப்ப வேண்டாம்.’ மார்த்தாண்டத்துக் கட்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. அழகியபாண்டியபுரத்து வாத்தியாருக்கு அனுப்பியதும் திரும்பி வந்தது. ஒரு வரி வசவுகூட அதில் எழுதியிருக்கவில்லை. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிரதிகள் நூறாகி, அறுபத்துநாலாகி, டிசம்பரில் இருபத்தேழாயின. மைனி கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிறந்த வீட்டுக்குப் போனாள். வருகிற தேதியைச் சொல்லவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை. வேதமாணிக்கம் நல்ல மனுஷன், தை மாதக் கல்யாணக் கடிதாசிகள் வர ஆரம்பித்துவிட்டன, ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. அண்ணன்தான் ஒரு நாள் மத்தியானம் அச்சடித்து முடித்துவிட்டு, நாளைக்கு மெஷின் வேண்டாம் என்று சொன்னார். காலையில் என்னையும் கூட வரச் சொன்னார். கோர்ட்டில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், வேறு யாரையும் கூப்பிட அவருக்கு மனமில்லை.

பத்திரிகையை நிறுத்தியதாக எழுதிக் கொடுக்கத்தான் போனோம். வராந்தாவில் பெரிய கூட்டம். நான் சுவரை ஒட்டி நின்றேன். எங்கள் முறை வந்ததும் உள்ளே மேசைக்கு எதிரே அண்ணன் நின்றார். குமாஸ்தா மலையாளி, வயதானவர், மரியாதையான மனுஷன். காகிதத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“பத்ரம் நிங்ஙளுடேதோ?” என்று கேட்டார். பத்திரிகை உங்களுடையதா என்றுதான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. குமாஸ்தா அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சரி, நிறுத்தக் காரணம் என்ன என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அண்ணன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மசி ஏறிக் கறுத்த விரல்கள். ஆள் இல்லை என்று சொல்லலாம், மெஷின் இல்லை என்று சொல்லலாம், எல்லை மாறிவிட்டது என்று சொல்லலாம், எல்லாமே உண்மைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“முதலாளி போயிட்டாரு” என்றார் அண்ணன்.

அக்டோபரில் அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. நீலகண்ட பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குமாஸ்தா தலையை ஆட்டி எழுத ஆரம்பித்தார். எழுத்துக் கோக்கிறவர்களுக்குத் தலைகீழாகப் படிக்க வரும். குமாஸ்தாவின் பேனா உரிமையாளர் என்பதை மலையாளத்தில் உடமஸ்தன் என்று எழுதி, அதன் பக்கத்தில் வேறொருவர் பெயருக்காக இடம் விட்டதை அண்ணன் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தார். பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்பதற்கு முன்பே அவர் முதலாளியின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, தப்பு வந்துவிடாதபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, வந்து கையெழுத்துப் போடு என்றார்.